முதல் பாதி பார்க்காதவர்

நான் பார்க்காத படங்களின் முடிவுகள் எனக்கு நிறையத் தெரியும். சனிக்கிழமை மதியம் கணவர் டிவியில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டுவிட்டு உட்காருவார். பத்தாவது நிமிடத்தில் வாய் தவறி, "அந்தத் தாடிக்காரர்தான் கடைசியில அவளோட அப்பா" என்று சொல்லிவிடுவேன். "பாத்துட்டியா?" என்று கேட்பார். பார்க்கவில்லை. எங்கள் பகுதி தியேட்டரில் துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மா, ஐந்து வருடங்களுக்கு முன்பு, பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னது.

அவர் சட்டையில் 'ஜெசிக்கா' என்று ஒரு பட்டை குத்தியிருக்கும். அவர் ஜெசிக்கா இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில், உங்கள் பெயர்ப் பட்டை அடுத்த வாரம் வந்துவிடும், அதுவரை இதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று, வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் பட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு வருடமாகியும் அடுத்த வாரம் வரவில்லை. மேனேஜர் முதல் டிக்கெட் கிழிக்கிற பையன்கள் வரை எல்லோரும் ஜெசிக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரும் "யெஸ்" என்று திரும்புவார்.

"ஜெசிக்கா நல்ல பிள்ளையாத்தான் இருந்திருப்பாள். அவளைப் பற்றி ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேல்லை. எனக்கென்ன நட்டம்?" என்பார்.

நான், அவர் ஊர்ப் பிள்ளைகள் ஆன்ட்டியைச் சொல்வதுபோல், அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய உண்மையான பெயரை எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார். இங்கே எழுதலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தயக்கமாக இருந்தது. அதனால் எழுதவில்லை.

முதன்முதலில் அவரைப் பார்த்த அன்று என் மகளுக்கு நான்கு மாதம். மெல்பர்னின் மேற்கே வெரிபீயில் ஒரு புதுக் குடியிருப்புக்கு வந்திருந்தோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அப்போது கூரை இல்லை. கணவர் காலை ஏழு மணி ரயிலைப் பிடித்துப் போனால் மாலை ஏழு மணிக்குத்தான் வருவார். நான் போனில் ஒரு செயலி வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் பால், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எத்தனை நாப்பி என்று குறித்துக்கொண்டே இருப்பேன். குழந்தையை எடை பார்க்கும் நர்ஸ், வாரத்தில் ஒருமுறையாவது வீட்டை விட்டு வெளியே போங்கள் என்றார். சொன்னதை வீட்டுப்பாடம்போல் செய்து முடிக்கிற ஆள் நான். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, ஷாப்பிங் சென்டரில் இருக்கும் தியேட்டரில், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கென்று ஒரு காட்சி உண்டு. விளக்கைப் பாதி எரியவிட்டு, சத்தத்தைக் குறைத்து, பெரியவர்களுக்கான படத்தைப் போடுவார்கள். குழந்தை அழலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். அதற்குப் பதிவு செய்தேன்.

முதல் நாளே பதினைந்து நிமிடம் தாமதம். கிளம்புகிற நேரத்தில் மகள் நாப்பியை நிறைத்துவிட்டாள். வியர்க்க விறுவிறுக்க மாடிக்கு வந்தால், தியேட்டர் வாசலில் விரிந்திருந்த கம்பளத்தின் ஓரத்தில் பிராம் சக்கரம் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. அப்போது கையில் துடைப்பத்தோடு வந்தவர் என் நெற்றியைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தமிழிலேயே சொன்னார்.

"ஆறுதலா வாங்கோ பிள்ளை. ஆறுதலா."

எங்கள் திருச்சியில் ஆறுதல் என்பது சாவு வீட்டில் சொல்கிற சொல். என் முகம் அப்படியா இருக்கிறது, பார்த்தவுடன் முன்பின் தெரியாத ஒருவர் ஆறுதல் சொல்கிற அளவுக்கா என்று நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. நான்கு மாதத்து அழுகை. பிராமைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, ஏன் அழுறீங்கள்? படம் இன்னும் தொடங்கேல்லை! விளம்பரம்தான் போகுது!"

"நீங்கதான ஆறுதலா இருங்கன்னு..."

"ஓம், ஆறுதலா. மெல்லமா. கெதியா வந்து விழுந்துபோடாதையுங்கோ எண்டுதான் சொன்னனான்." ஒரு கணம் என்னையே பார்த்தார். "நீங்கள் இந்தியாவோ?"

"ஆமா."

"அதுதானே பாத்தன்!" என்று துடைப்பத்தின் மேல் சாய்ந்து சிரித்தார். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். மகள் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு நான் 'நீங்கள்' இல்லை, 'நீர்' ஆகிவிட்டேன். 'வாரும், இரும், சொல்லும்' என்பார். முதலில் சில வாரங்கள் ஏதோ ராஜா காலத்து நாடகத்தில் நிற்பதுபோலவே இருந்தது.

அன்ரிக்குப் படங்களின் முடிவு மட்டுமே தெரியும். அதற்குக் காரணம் வேலை. ஒரு படம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு தும்புத்தடியும் கறுப்புப் பையுமாக உள்ளே போய்க் கதவோரம் நிற்க வேண்டும். துடைப்பத்துக்கு அவர் சொல்கிற பெயர் தும்புத்தடி. விளக்கு வந்ததும் பாப்கார்னைக் கூட்டி, கதிரை என்று அவர் சொல்கிற இருக்கைகளுக்கு அடியில் கிடப்பதைப் பொறுக்கி, அடுத்த காட்சிக்குத் தயாராக்க வேண்டும். மொத்தம் ஆறு திரைகள். அதனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு முடிவுகள்.

"காலமை ஒரு கலியாணம். மத்தியானம் ரெண்டு கொலை. பின்னேரம் துலைஞ்ச நாய் வீட்டை திரும்பி வரும். எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பார்.

அதை மனதில் வைத்துக்கொள்ளவும் மாட்டார். டிக்கெட் வாங்க நிற்கிறவர்களிடம் போய், "குட் மூவி. கணவன்தான் கொலைகாரன்" என்று அன்போடு ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு துப்பறியும் படத்துக்கு வந்த மூன்று பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். "பாவம், ரெண்டு மணித்தியாலம் பயந்துகொண்டு இருக்கப்போகினம். முதலே தெரிஞ்சால் நிம்மதியா இருந்து பாக்கலாமே எண்டுதான்" என்று என்னிடம் சொன்னார். உண்மையிலேயே அவருக்குத் தான் செய்த தவறு விளங்கவில்லை.

முடிவுகளை மட்டுமே பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. கதையின் தொடக்கத்தை அவரே கட்டிக்கொள்வார். கடைசியில் ஒருவன் அழுதால், அவன் முன்னால் என்ன பாடு பட்டிருப்பான் என்று தரையைக் கூட்டிக்கொண்டே யோசிப்பார். இதை மனிதர்களுக்கும் செய்வார். ஒருநாள் தரை ஈரமாக இருந்ததற்காக ஒரு வாட்டசாட்டமான ஆள் அவரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான். "அவன் அப்படிப் பேசறான், நீங்க சும்மா நிக்கறீங்களே" என்றேன்.

"அவன்ர முதல் பாதி நாங்கள் பாக்கேல்லையே, பிள்ளை."

"சில பேருக்கு முதல் பாதியும் இதே லட்சணமாத்தான் இருக்கும், அன்ரி."

"இருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டு ஈரத்தைத் துடைத்தார்.

இந்த வசனம் எனக்குச் சில நேரம் எரிச்சலைக் கிளப்பும். கணவரைப் பற்றிக் குறை சொன்னால் அவருடைய முதல் பாதி. என் அம்மா திருச்சியிலிருந்து போன் பண்ணி, குழந்தை ஏன் மெலிந்திருக்கிறாள் என்று கேட்டதைச் சொன்னால் அம்மாவின் முதல் பாதி. யாராவது என் பக்கம் முழுதாக நின்று "அட, அநியாயமே" என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

அவருடைய முதல் பாதியை நான் ஒரே ஒருமுறை கேட்டேன். படகில் வந்தவர் என்று தெரியும். விசா முடிவுக்காகப் பல வருடமாகக் காத்திருந்தார் என்றும் தெரியும். "அந்தக் கந்தோர் ஒண்டுதான் இந்த நாட்டில எல்லாத்தையும் ஆறுதலாச் செய்யுது" என்பது விசா அலுவலகத்தைப் பற்றிய அவருடைய நிரந்தரக் கேலி. அதற்கும் முன்னால் என்ன என்று கேட்டபோது, "அது நீளமான படம், பிள்ளை. இடைவேளையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மகளின் காலைப் பிடித்து ஆட்டினார். அதோடு சரி.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட்டில் ஏறினேன். கதவு மூடப்போகும்போது ஒரு கை உள்ளே நீண்டது. மிக உயரமான ஒருவர். கறுப்பர். சட்டையோடு சேர்ந்த தொப்பியால் தலையை மூடியிருந்தார். உள்ளே வந்தவர் பிராமைப் பார்த்தார், சிரித்தார், குனிந்தார். என் மகளின் காலை நோக்கிக் கை போனது.

"நோ!" என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே அன்றுதான் தெரியும். பிராமைப் பின்னால் இழுத்த வேகத்தில் அது சுவரில் மோதியது. நடுத் தளத்தில் லிஃப்ட் நின்றது. நான் போக வேண்டிய தளம் அது இல்லை, ஆனாலும் இறங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் லிஃப்ட்டின் நடுவில் அசையாமல் நின்றிருந்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன மஞ்சள் சாக்ஸ். கதவு மூடிக்கொண்டது.

குனிந்து பார்த்தேன். மகளின் ஒரு காலில் சாக்ஸ் இல்லை.

வேறு லிஃப்ட்டில் மேலே போனேன். அன்ரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, வெருண்டுபோய் வாறீர்?" என்றார்.

"லிஃப்ட்டுல ஒரு ஆள், அன்ரி..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். நான் முழுப் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிறுத்தியதுதான் பொய். அன்ரி என் தோளைத் தொட்டு, "இஞ்ச இரும், தண்ணி கொண்டுவாறன்" என்றார். முதல் பாதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் நான் ஆசைப்பட்டதுபோல் முழுதாக என் பக்கம் நின்றார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. படம் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மாலை கணவரிடம் சொன்னேன். "நீ பண்ணது சரிதான். குழந்தை சேஃப்டி முக்கியம்" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஏனென்றால், நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு வயதான பெண், நான் உட்கார்ந்ததும் கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். அந்தக் கதையைப் பத்து விருந்துகளிலாவது சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

அடுத்த செவ்வாய் போட்ட படம், ஒரு பெரிய நகரத்தில் ஒரே நாளில் நடக்கிற கதை. ஏழெட்டுப் பேர். ஒரு போலீஸ்காரர், ஒரு டாக்ஸி ஓட்டுநர், கடை வைத்திருக்கும் குடும்பம், ஒரு பெண் வக்கீல் என்று பல நிறத்து மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் மேல் சந்தேகம், கோபம். எல்லோரும் எப்படியோ ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டே இருப்பார்கள். முடிவை அன்ரி முன்பே சொல்லிவிட்டிருந்தார். "கடைசியில பாலத்தில ஒரு அம்புலன்ஸ் நிண்டுபோகும். எல்லாரும் மழையில இறங்கித் தள்ளுவினம். வடிவான முடிவு."

அன்று அன்ரிக்கு ஒரு புது வேலை. தாய்மாருக்கு உதவியாக ஒருவர் உள்ளேயே இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்கப்போகிறார். தலையை நன்றாகச் சீவி, பவுடர் போட்டிருந்தார்.

வாசலிலேயே என்னைப் பிடித்து ஒரு பெட்டியை நீட்டினார். கதிரைகளுக்கு அடியில் கிடைக்கும் குழந்தைகளின் ரப்பர் சூப்பான்களும் கிலுகிலுப்பைகளும் அவர் சேர்த்துவைக்கும் பெட்டி. மேலே மஞ்சள் சாக்ஸ்.

"இது உம்மட பிள்ளையின்ரதானே? உயரமான ஒரு ஆள் தந்தவர். அந்தப் பிள்ளை என்னைக் கண்டு பயந்திட்டா, நீங்களே குடுத்துவிடுங்கோ எண்டவர்."

"இப்ப சோடி சேந்திட்டுது" என்று மகளின் காலில் மாட்டிவிட்டார்.

விளக்குகள் மங்கும்போது லிஃப்ட்டில் பார்த்த மனிதர் வந்தார். அதே உயரம். நெஞ்சில் கட்டிய பையில் ஆறு மாதக் குழந்தை ஒன்று. எங்கள் வரிசையிலேயே இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், தலையை லேசாக அசைத்தார், திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

அன்ரி என் இடப்பக்கம். படம் ஓடத் தொடங்கியதும் அவரும் தொடங்கினார்.

"எட விசரா, அவன் ரிக்கெற்றைத்தானே எடுக்கிறான், ஏன் துவக்கை நீட்டுறாய்?" என்று துப்பாக்கி நீட்டிய போலீஸ்காரரைத் திட்டினார். கடைக்காரரைப் பார்த்து, "இவனுக்கு என்ன கோதாரி, மனுசி காலமை சொன்னவள்தானே!" என்றார். குழந்தைகள் அழுகிற காட்சி என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் நம் ஊர்ச் சாயலில் ஒரு டாக்டர் வந்தார். அன்ரி என் தொடையில் தட்டினார்.

"அந்தா! உம்மட ஆள்!"

"என் ஆள் இல்ல அன்ரி, பஞ்சாபி மாதிரி இருக்கார்."

"எல்லாம் உங்கட நாடுதானே" என்றார். டாக்டர் இரண்டு வரி பேசிவிட்டுப் போனவர் பிறகு வரவேயில்லை. "பாவம், இதுக்காக எவ்வளவு தூரம் வந்தாரோ" என்று பெருமூச்சு விட்டார்.

அதன் பிறகுதான் அந்தக் காட்சி. ஒரு பெண் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்கிறாள். பின்னால் ஒரு கறுப்பர் வந்து நிற்கிறார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, வலது கையில் பிடித்திருந்த குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அவ்வளவுதான், மூன்று விநாடி. தியேட்டரில் தாய்மார் எல்லோரும் "ச்சு" கொட்டினார்கள். நானும் கொட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. கொட்டிய பிறகுதான் இரண்டு இருக்கை தள்ளி இருப்பவர் நினைவு வந்தது.

படம் முடிந்து வெளியே காப்பியோடு நின்றோம். இரட்டைக் குழந்தைகளோடு வரும் ஓர் ஆஸ்திரேலியப் பெண், பள்ளி ஆசிரியை, "முக்கியமான படம். இன்னமும் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. அந்த வரிசையில் நின்றாளே, அவள்!" என்றார்.

"கொடுமை" என்றேன் நான்.

அந்த உயரமானவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த ஆம்புலன்ஸ் காட்சிதான் நம்பமுடியவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் நின்றுபோனால் யாரும் தள்ள மாட்டார்கள், படிவம் நிரப்புவார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆசிரியை அன்ரியிடம் கேட்டார், "ஜெசிக்கா, உனக்கு எப்படி?"

அன்ரி என்னிடம் தமிழில் சொல்லி, மொழிபெயர்க்கச் சொன்னார். "முடிவை மட்டும் பாத்த நேரம் எல்லாரும் நல்ல ஆக்கள் எண்டு நினைச்சனான். இப்ப முதலில இருந்து பாத்தால் ஒருத்தரும் ஆறுதலா இல்லை. எல்லாருக்கும் என்ன அவசரம்?"

'ஆறுதலா' என்ற இடத்தில் தடுமாறினேன். அவர் பொருளிலா, என் பொருளிலா? இரண்டுமே பொருந்தியது. கடைசியில் இரண்டையும் சொன்னேன். ஆசிரியை அதைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.

அன்று எல்லோரும் போன பிறகு அன்ரியிடம் முழுவதையும் சொன்னேன். லிஃப்ட், சாக்ஸ், கத்தியது, பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண், 'ச்சு' கொட்டியது எல்லாம். அவர் ஒரு கதிரையில் உட்கார்ந்து கேட்டார்.

"மன்னிப்புக் கேக்கப்போறீரோ?"

"ஆமா. அடுத்த செவ்வாய்."

அடுத்த செவ்வாய் கேட்கவில்லை. போனில் எழுதிவைத்திருந்தேன், நான்கு விதமாக. ஒன்று மிக நீளம். ஒன்றில் 'ஆனால்' என்று ஒரு சொல் வந்துவிட்டது, அழித்தேன். இப்போது போய்க் கேட்டால் மறந்துபோனதை நானே கிளறிவிடுவேனா? அவர் "பரவாயில்லை" என்று சொல்லித்தானே ஆக வேண்டும், அதுவும் ஒரு சுமைதானே? அதற்கடுத்த செவ்வாயும் இப்படியே போனது. அன்ரி வாசலில் நின்று, "இண்டைக்கோ?" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவேன்.

இதற்குள் அந்த உயரமானவர் எங்கள் கூட்டத்தின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். தென் சூடானில் பிறந்தவர், ஆஸ்பத்திரியில் மாலை வேலை, பகலில் மகனைப் பார்த்துக்கொள்கிறார். அடித்தொண்டையில் ஏதோ ஒரு ராகம் முனகுவார். அவர் மகன் மட்டுமல்ல, சுற்றி மூன்று வரிசைக் குழந்தைகளும் தூங்கிவிடும். அவர் பக்கத்து இருக்கைக்கு அடிதடி. இரண்டு இருக்கை தள்ளி என் மகளும் தூங்கினாள். நான் செயலியில் குறித்தேன், நாற்பது நிமிடம். வீட்டில் அவள் பகலில் அவ்வளவு தூங்கியதே கிடையாது. ஒவ்வொரு வாரமும் அவர் பிராமை மடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு படிக்கட்டில்தான் ஏறி வருவார். உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் ஆசிரியை சொன்னார். அவருக்கு வேலை நேரம் மாறுகிறது, வரும் செவ்வாய்தான் கடைசி.

அந்தக் கடைசிச் செவ்வாயன்று பார்த்து நான் மறுபடி தாமதம். சாக்ஸ், நாப்பி, சாவி, எல்லாம் சதி செய்தன. மனதுக்குள் இரண்டாவது வடிவத்தை ஒப்பித்துக்கொண்டே மாடிக்கு வந்தேன். பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கத்தில் அவரும் அன்ரியும் நின்றிருந்தார்கள். அன்ரி இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். புருவம் உயர்ந்து, கண் விரிந்து, முகம் முழுக்க ஓர் அன்பு. அந்த முகத்தை எனக்குத் தெரியும். யாருக்கோ முடிவைச் சொல்கிறபோது வருகிற முகம்.

"அன்ரி, வேண்டாம்!" என்றேன்.

தாமதமாகிவிட்டது. "ஷீ கம். ஷீ சே சொறி. யூ சே ஓகே. ஃபினிஷ். ஹப்பி எண்டிங்" என்று முடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "வாரும் பிள்ளை, ஆறுதலா வாரும்" என்றார்.

என் நான்கு வடிவங்களும் போயின. அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"முடிவை இவர் சொல்லிவிட்டார். முதல் பாதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். 'ஆனால்' எதுவும் போடாமல். அவரைப் பார்த்ததும் பயந்தேன், பயப்படும்படி அவர் எதுவும் செய்யவில்லை, எனக்கும் இதே செய்யப்பட்டிருக்கிறது, இருந்தும் செய்தேன் என்று. பாப்கார்ன் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

அவர் உடனே "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. மகனின் முதுகைத் தடவினார். "அன்றிலிருந்து நான் அந்த லிஃப்ட்டில் ஏறுவதில்லை" என்றார். "கதவு மூடும்போது உள்ளே யாராவது குழந்தையோடு இருந்துவிட்டால் என்ன செய்வது என்று."

படிக்கட்டு. தோளில் பிராம். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

"என் முதல் பாதியையும் கேளுங்கள்" என்றார். "அன்று மனைவியும் மகனும் மேலே இருந்தார்கள். மறந்துவிட்ட பையை எடுக்கக் காருக்குப் போயிருந்தேன். தொப்பியால் தலையை ஏன் மூடியிருந்தேன் தெரியுமா? இந்தத் துரை என் தலைமேல் முழுக்கப் பால் கக்கியிருந்தார். தயிர் வாடை. உங்களைப் பார்த்துச் சிரித்தேனே, அது இந்தக் கோலத்தில் யாரும் நம்மைப் பார்த்துவிடக் கூடாதே என்கிற சிரிப்பு."

முதலில் சிரித்தது அன்ரி. பிறகு அவர். நான் அழுதேனா சிரித்தேனா என்று சரியாகச் சொல்ல முடியாது.

அன்றைக்கு என்ன படம் என்று எனக்கு நினைவில்லை. அடுத்த வருடம் அன்ரிக்கு விசாக் கடிதம் வந்தது, ஆறுதலாக, ஆனாலும் வந்தது. சிட்னியில் வெஸ்ட்மீட்டில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். அங்கே டிக்கெட் வாங்கி, முதலிலிருந்து படம் பார்க்கிறாராம். ஆனால் பழக்க தோஷத்தில், முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து கதவுக்குப் போய் நின்றுவிடுகிறாராம். வாட்ஸப்பில் இன்னமும் முடிவுகள் வருகின்றன, நான் கேட்காமலே.

அந்தக் கடைசிச் செவ்வாயன்று படம் முடிந்து கீழே போகப் புறப்பட்டோம். அவர் வழக்கம்போல் பிராமை மடிக்கப் போனார். அன்ரி தும்புத்தடியை லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் வாங்கோ. ஆறுதலா" என்றார். இரண்டு பிராம், மூன்று பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், ஒரு தும்புத்தடி. லிஃப்ட் அதற்குச் செய்யப்பட்டது இல்லை. என் முழங்கை அவர் பையில், அவர் முழங்கால் என் சக்கரத்தில்.

அன்ரி மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப பாரும், கதவு பூட்ட மேஸ் விழும்" என்றார் என்னிடம். சாக்ஸை அவர் அப்படித்தான் சொல்வார்.

கதவு மூடியது. மகள் ஓர் உதை விட்டாள். மஞ்சள் சாக்ஸ் பறந்துபோய் அவர் காலடியில் விழுந்தது.

அவர் குனியவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் பிராமின் கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டேன்.

அவர் அந்த நெரிசலில் எப்படியோ உடம்பை மடக்கிக் குனிந்து, சாக்ஸை எடுத்து, உதறி, மகளின் காலைத் தன் பெரிய கைக்குள் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்து, மெதுவாக மாட்டிவிட்டார். குதிகால் திரும்பியிருந்தது. கழற்றித் திரும்பவும் மாட்டினார். லிஃப்ட் கீழே வந்து, கதவு திறந்து, ஆள் இறங்காததால் மறுபடி மூடிக்கொண்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.